மொய்யாகிப் போன தண்டம்

பத்திரிகை வைக்க வந்தவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள். இந்த இரண்டையும் வைத்தே கீழத்தெரு ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தது. திருப்பனந்தாளுக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய அந்த ஊரில், கீழத்தெரு வீட்டுக்குள் மில் முதலாளி ஒருவர் வந்து உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

செல்லதுரை பத்திரிகைத் தட்டைத் தொடவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வந்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் செந்தாமரைதான் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"பையனுக்குக் கல்யாணம். வைகாசியில. கும்பகோணத்துலதான் மண்டபம். தெருவோட எல்லாரும் வந்துடணும்" என்றார் மில் முதலாளி வைரக்கண்ணு.

"பையன் வரலியா?"

"பெங்களூர்ல இருக்கான். லீவு கிடைக்கல."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க."

வைரக்கண்ணு மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கூட வந்த அவர் வீட்டம்மா, செந்தாமரையின் நெற்றியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டாள். கார் கிளம்பிப் போனபிறகும் அந்தத் தட்டு கூடத்தின் நடுவில் கிடந்தது. வாழைப்பழத்தில் ஈ மொய்த்தது.

செல்லதுரை யாரையும் நம்புகிற ஆள் இல்லை. ரேஷன் கடையில் எடை போட்ட அரிசியை வீட்டுக்கு வந்து படியால் அளந்து பார்ப்பார். வங்கியில் போட்ட பணம் ராத்திரியில் எங்கே தூங்கும் என்று கேட்பார். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்ததோடு சரி. பேச்சில் வழவழப்பு கிடையாது, மனதில் பட்டதை மூஞ்சிக்கு நேரே போட்டுவிடுவார். அவர் தன்னைத் தவிர நம்பிய ஒரே ஆள் இளைய மகன் இனியவன், செந்தாமரையின் புருஷன். அவனைத்தான் போன ஆடியில் கொள்ளிடம் கொண்டுபோனது.

அன்றைக்கு மேட்டூர் நிரம்பி வழிந்து, வந்த தண்ணீரையெல்லாம் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டிருந்தார்கள். காலையிலிருந்து ஆட்டோவில் குழாய் கட்டி, யாரும் ஆற்றுக்குள் இறங்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். படித்துறையில் போலீஸ்காரர் ஒருவர் நின்று, பதினெட்டாம் பெருக்குக்குப் படைக்க வந்த பெண்களையே கரையோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து, கும்பகோணத்துப் பையன்கள் மூன்று பேர் புதுக் காரைக் கரையில் நிறுத்திவிட்டு, நடு ஆற்று மணல் திட்டுக்குப் போய்விட்டார்கள். அடுப்பு மூட்டிக் கோழி வறுத்தார்கள். மாடு ஓட்டிக்கொண்டு போன செல்லதுரையே கரையிலிருந்து கத்தினார். "டேய் தம்பிகளா, தண்ணி வருதுடா, ஏறுங்கடா!" அதற்கு ஒருத்தன் கண்ணாடித் தம்ளரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

தண்ணீர் சத்தமில்லாமல்தான் வந்தது. முதலில் நுரையும் நாணல் தட்டையும், பின்னாலேயே செக்கச்செவேலென்று ஆறு. இரண்டு பேர் எப்படியோ நீந்திக் கரையேறினார்கள். மூன்றாவது பையனுக்கு நீச்சல் தெரியாது. தம்ளரைத் தூக்கிக் காட்டியவனும் அவன்தான். ராம்கி, வைரக்கண்ணுவின் மகன். திட்டின் உச்சியில் நின்று அலறினான். தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டாயிற்று, வந்து சேர வேண்டும். கரையில் கூடிய மேலத்தெரு ஆட்கள் ஆற்றைப் பார்த்தார்கள், பிறகு கீழத்தெருவைப் பார்த்தார்கள். ஆற்றில் எது போனாலும், ஆடு போனாலும் ஆள் போனாலும், இறங்குவது கீழத்தெருதான் என்று எந்தக் காலத்திலோ யாரோ வைத்துவிட்டார்கள். இன்றைக்குக் கீழத்தெருவிலும் நிலம் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறாள், வாத்தியார் இருக்கிறார். ஆனாலும் தண்ணீர் வந்தால் அந்தப் பார்வை மட்டும் மாறவில்லை.

இனியவன் வைக்கோல் கட்டுகிற கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். மறுமுனையைச் செல்லதுரை பிடித்தார். பக்கத்தில் நின்றவர்கள் கை நீட்டியபோதும் கொடுக்கவில்லை. இனியவன் திட்டை அடைந்ததைப் பார்த்தார். அதன்பிறகு மழைச்சாரல் மறைத்துவிட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று கயிறு இரண்டு முறை வெடுக்கென்று அசைந்தது. இழுத்தார். உள்ளங்கைத் தோல் உரிய உரிய இழுத்தார். இழுத்த இழுப்புக்குக் கரையேறியது வேறொருத்தன் பிள்ளை. அவன் செல்லதுரையின் கால்மேல் தண்ணீராக வாந்தி எடுத்தான். கயிற்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தான், விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்து மறுபடி ஆற்றுக்குள் வீசியபோது திட்டு இருந்த இடத்தில் திட்டு இல்லை.

உடல் அணைக்கரைப் பக்கம் முள்காட்டில் சிக்கிக் கிடந்தது. அதைக் கண்டெடுக்கும்வரை தெருவே ஆற்றில்தான் கிடந்தது. மீன் பிடிக்கிற அன்சார் தன் படகைக் கொண்டுவந்தான். சுழலில் அதன் எஞ்சின் கழன்று போய்விட்டது. நடவுக்குப் பேசியிருந்த பெண்களில் ஒருத்திகூட வயலுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த சுதந்திர தினத்துக் கிராம சபையில்தான் செல்லதுரை எழுந்து நின்றார். பந்தலுக்குள் வெயில் கொதித்தது. ஊராட்சித் தலைவி செம்மொழி அவர் தெருவைச் சேர்ந்த பெண்தான். அவளுக்குப் பக்கத்தில் அதிகாரி ஒருவர் இருந்தார்.

"வேணாம்னு குழாய் கட்டிச் சொல்லியாச்சு. போலீசும் சொல்லியாச்சு. அதுக்கு மேலயும் கோழி வறுக்க ஆத்துக்குள்ள போனவனால வந்த செலவு யார் தலையில? எங்க தெரு தலையிலயா?"

"பெரியவரே, உயிரைக் காப்பாத்தினதுக்கு விலை வைக்கிறீங்களா?" என்றார் அதிகாரி.

"உயிருக்கு வைக்கல. டீசலுக்கு வைக்கிறேன். அன்சார் எஞ்சினுக்கு வைக்கிறேன். வேலைக்குப் போகாம ஆத்தைத் தொழாவுன சனங்க கூலிக்கு வைக்கிறேன். உயிருக்கு நீங்க வையுங்க, பார்ப்போம்."

செம்மொழிதான் மெல்லச் சொன்னாள். "பெரியப்பா, உங்க வயித்தெரிச்சல் புரியுது. ஆனா எடுக்கறதுக்குக் காசு கேப்பாங்கன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒரு ஏழைப்பட்ட புள்ள தண்ணில மாட்டிக்கிட்டு, கூப்பிடப் பயந்துக்கிட்டே முழுகிடும்."

"கூப்பிடாட்டியும் போவோம்மா. நம்ம போவாம இருந்துருக்கோமா? தெரியாம விழுந்தவன்கிட்ட எவன் கேக்கப் போறான்? சொல்லச் சொல்லக் கேக்காம, தம்ளரைத் தூக்கிக் காட்டுனான் பாரு, அவன்கிட்ட கேக்கறேன். அவனே வந்து, அவன் கையால குடுக்கணும். அப்பன் கையில குடுத்தனுப்பக் கூடாது."

சட்டத்தில் அதற்கு இடம் இல்லை என்றார் அதிகாரி. ஊர் முடிவாக வைத்துக்கொள்ளலாம் என்றாள் செம்மொழி. ஆன செலவைக் கூட்டிப் பார்த்து எழுபத்தையாயிரம் தண்டம் என்று முடிவாயிற்று. கிழவனுக்கு வீம்பு என்றார்கள் சிலர், பணத்தாசை என்றார்கள் சிலர். செல்லதுரை மனதில் இருந்தது வேறு. தன் இடுப்புக் கயிற்றை இனியவன் எதற்காக அவிழ்த்தான்? அங்கே என்ன நடந்தது, என்ன பேசினான்? அது உலகத்தில் ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தனை எதிரே நிற்கவைக்கத் தெரிந்த வழி இது ஒன்றுதான். வா என்றால் வரமாட்டான். கடன் என்றால் வந்துதானே ஆகவேண்டும்?

வைரக்கண்ணுவுக்குச் செய்தி போனது. மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். கருமாதிக்கு வருகிறேன் என்றார்.

கருமாதி அன்று காலையில் செல்லதுரை ஆற்றங்கரையில் இருந்தார். போகும்போது, மொய் எழுதுகிற மேசையில் உட்கார்ந்திருந்த ரெத்தினத்திடம், "கும்பகோணத்துலேருந்து பணம் வரும். பையன் வந்தா என்னைக் கூப்பிடு. அப்பன் வந்தா வாங்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ரெத்தினம் தலையாட்டினான். கேட்டானோ இல்லையோ.

வைரக்கண்ணு தனியாகத்தான் வந்தார். பந்தலுக்குள் நுழைந்தவர் எங்கே கொடுப்பது என்று பார்த்தார். பணம் வாங்குகிற மேசை அங்கே ஒன்றுதான். அதற்கு முன் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவரும் நின்றார். முறை வந்ததும் பணக்கட்டை எடுத்து நீட்டினார். ரெத்தினத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மில் முதலாளி, கீழத்தெருவில், வரிசையில் நின்று! பெயரை எழுதினான், ஊரை எழுதினான், மைக்கைப் பிடித்தான். "கும்பகோணம் மில் ஓனர் உயர்திரு வைரக்கண்ணு அவர்கள் மொய், ரூபாய் எழுபத்தையாயிரம்!" சாப்பாட்டுப் பந்தியில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆற்றங்கரை வரைக்கும் அது கேட்டது. மொட்டையடித்த தலையோடு, ஈர வேட்டியோடு செல்லதுரை ஓடிவந்தார். அதற்குள் வைரக்கண்ணுவை இலை முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள். சாதம் பிசைந்துகொண்டிருந்தார். இலையில் கைவைத்தவனிடம் எப்படிச் சண்டை போடுவது? செல்லதுரை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பிட்டு முடித்து, பையனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார் வைரக்கண்ணு.

"அது தண்டம்டா ரெத்தினம். மொய்யில்லடா."

"அண்ணே, நம்ம தெருவுல வந்து குந்தி சாப்புட்டுட்டுப் போயிருக்காரு. அதைப் போயி தண்டம்ங்கிறியே. மைக்குலயும் சொல்லிட்டேன்ண்ணே, இனிமே என்ன பண்றது?"

ஒன்றும் பண்ணமுடியாது. அந்தப் பக்கத்தில் மொய் என்று ஆகிவிட்டால் அது கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில்தான் திரும்பப் போகவேண்டும். அதற்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தால், செத்தவனுக்குச் செய்ததைத் தூக்கி எறிந்த மாதிரி. அபராதம் கட்ட வந்தவர் கொடையாளியாகத் திரும்பிப் போனார். கேட்டவர் கடன்காரராக நின்றார்.

அந்தக் கட்டைச் செல்லதுரை பிரிக்கவே இல்லை. மஞ்சள் துணியில் முடிந்து தகரப் பெட்டிக்குள் போட்டார். அன்சாரின் எஞ்சினுக்குத் தன் கறவை மாட்டை விற்றுக் கொடுத்தார். செந்தாமரைக்கு அது பொறுக்கவில்லை.

"எந்தப் பேர்ல வந்தா என்ன மாமா? இவ்வளவு பணத்தைப் பொட்டில பூட்டிட்டு மாட்ட விக்கிறீங்களே. போனவரு திரும்பியா வரப்போறாரு? இருக்கற ரெண்டு புள்ளைங்களப் பாருங்க."

"அது என் பணமில்லம்மா. அந்தப் பையன் கல்யாணத்துல திருப்பவேண்டிய வட்டியில்லாக் கடன்."

இப்போது அந்தக் கல்யாணம் வந்துவிட்டது.

தெரு முழுக்க வேன் பிடித்தது. ரெத்தினம் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறினான். "நமக்கு முன்வரிசையில எடம் போட்டிருப்பாரு பாருங்க" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான். செந்தாமரை சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். செல்லதுரை மடியில் மஞ்சள் துணி முடிச்சு இருந்தது.

மண்டபத்தில் மொய் எழுதுகிறவர் கண்ணாடி போட்ட பையன். கட்டைப் பிரித்து மிஷினில் விட்டு எண்ணினான். பழைய கணக்கைத் தேடி ஒப்பிட்டான்.

"சரியா இருக்கு ஐயா. மேல ஏதும் போடலியா? மேல போட்டாத்தான் முறை தொடரும். இதோட நிறுத்திட்டா கணக்கு முடிஞ்சிடும்."

"முடியட்டும்."

பையன் கணக்கின் அடியில் ஒரு கோடு இழுத்தான். பிறகு வேறு யாரோ மைக்கில் வாசித்தார்கள். "கொள்ளிடக்கரை செல்லதுரை ஐயா அவர்களின் அன்பு மொய்…" கோபமாகக் கொண்டுவந்ததை இந்த மைக்கும் அன்பாக்கிவிட்டது. செல்லதுரை நேரே மேடைக்கு ஏறினார்.

மேடையில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ராம்கி பட்டு வேட்டியில், மாலையில், வேர்த்துப்போய் நின்றான். யாரைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே எல்லோருக்கும் சிரித்துக்கொண்டிருந்தான். செல்லதுரையைப் பார்த்தும் சிரித்தான். போட்டோக்காரன், "தாத்தா, இந்தப் பக்கம் பாருங்க, லேசா சிரிங்க" என்றான்.

செல்லதுரை பார்க்கவில்லை. தன் வலது கையை விரித்துப் பையன் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளங்கையின் குறுக்கே கயிறு உரித்த தடம் வெள்ளையாக இருந்தது.

ராம்கியின் சிரிப்பு நின்றது. மாலையைக் கழற்றி மணப்பெண் கையில் கொடுத்தான். "எங்கடா போற, வரிசை நிக்குதுடா" என்று அவன் அம்மா பதறினாள். அவன் கேட்காமல் கிழவரைக் கூட்டிக்கொண்டு, பந்திக்கூடத்துக்குப் பின்னால் கை கழுவுகிற இடத்துக்கு வந்தான். அங்கே ஒரு குழாய் மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"தாத்தா, நான் வரணும்னுதான் இருந்தேன். வெட்டிப்புடுவாங்கன்னு அப்பா அனுப்பல. அப்பறம், அவங்க மொய்யாவே எழுதிக்கிட்டாங்கடா, மைக்குல சொன்னாங்கடா, அவங்க மனசுல ஒண்ணுமில்ல, நீ போயிக் கிளறாதன்னாரு. எனக்கும்…" அவன் நிறுத்தினான். "எனக்கும் அது வசதியா இருந்துச்சு."

"கயிறை ஏன் அவுத்தான்?"

ராம்கி குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவரு வந்ததும் கிளம்பியிருந்தா ரெண்டு பேரும் ஒரே கயித்துல வந்திருப்போம். நான்தான் கார் சாவியைத் தேடினேன். புதுக் காரு, அப்பா திட்டுவாருன்னு. அவரு கத்துறாரு, நான் மணலைக் கிளறிக்கிட்டு இருக்கேன். அதுக்குள்ள தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு. இனிமே ரெண்டு பேரைக் கயிறு தாங்காதுன்னு அவுத்து எனக்குக் கட்டுனாரு. நான் அழுதேன். அப்ப சொன்னாரு, பயப்படாத, கரையில எங்கப்பாதான் புடிச்சிருக்காரு. அவரு எவனையும் நம்பமாட்டாரு, கயிறை இன்னொருத்தன் கையில குடுக்கமாட்டாரு. நீ போய்ச் சேந்ததும் உடனே கயிறைத் திருப்பி வீசச் சொல்லு. அடுத்த இழுப்புக்கு நான் வந்துடுறேன்னாரு."

செல்லதுரை சுவரில் கை ஊன்றினார்.

"நான் சொல்லல தாத்தா. கரைக்கு வந்ததும் வாயே வரல. சொல்லலங்கறது மட்டுமில்ல, கயிறையும் விடல. நீங்க விரலைப் பிரிச்சீங்களே, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. விட்டா நான் செத்துடுவேன்னு இருந்துச்சு. கரையில நின்னுக்கிட்டு." அவன் பட்டு வேட்டியின் ஓரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தான். "அந்த எழுபத்தையாயிரம் எங்கப்பா குடுத்தது. நான் எவ்வளவு கட்டணும்னு சொல்லுங்க. எவ்வளவுன்னாலும் கட்டிடறேன்."

பத்து மாசமாகச் செல்லதுரையிடம் எல்லாவற்றுக்கும் விலை இருந்தது. டீசலுக்கு, எஞ்சினுக்கு, கூலிக்கு. இதற்கு இல்லை. பையனை நாலு அறை விடவேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். அதற்கும் கை எழவில்லை. ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினார்.

"உள்ள போ. பொண்ணு தனியா நிக்குது."

அவன் போகவில்லை. செல்லதுரைதான் போனார்.

திரும்பும்போது வேனில் ஒரே பேச்சு. பாயசம் இரண்டு வகை என்றான் ரெத்தினம். முன்வரிசை இல்லாவிட்டாலும் முதல் பந்தியிலேயே உட்காரவைத்தார்கள் என்றான். "என்னண்ணே, மாப்பிள்ளையே எறங்கி வந்து உன்னைக் கூட்டிட்டுப் போனாராமே? பெரிய எடத்துப் புள்ள, என்னா மரியாதை!" செல்லதுரை சாப்பிடவில்லை என்பதைச் செந்தாமரை மட்டும் கவனித்திருந்தாள்.

வேன் கொள்ளிடக் கரைமேல் ஏறியது. வைகாசி ஆற்றில் தண்ணீர் இல்லை. வெள்ளை மணல் கண் கூசியது. நடுவில் அந்தத் திட்டு பழையபடி மேடாகி, அதில் பிள்ளைகள் குச்சி நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கரையிலிருந்து அவ்வளவு கிட்டத்தில் இருந்தது.

"அந்தப் பையன் என்ன மாமா சொன்னான்?" செந்தாமரை தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அடுத்த இழுப்புக்கு வந்துடுறேன்னானாம். கயிறைத் திருப்பி வீசச் சொன்னானாம், உம் புருஷன்."

அவள் ஆற்றைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வீசுனீங்களா மாமா?"

செல்லதுரை சன்னல் கம்பியை இறுகப் பிடித்தார்.

"வீசுனேம்மா" என்றார். "இருட்டுற வரைக்கும் வீசிக்கிட்டேதான் இருந்தேன்."